விழுந்த இடத்தில் கயிறு

அறுத்த நெல்தாளின் வாசனை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. இன்று காலை என் வயலில்தான் முளையடித்துக் கயிறு கட்டினார்கள். நீ கொண்டுவருவாயே, அதே நீல நைலான் கயிறு.

பயிர் இன்சூரன்சுக்கு விளைச்சல் பார்க்க ஊருக்கு நாலு இடம் குலுக்கலில் விழும். அங்கே அறுத்து நிறுக்கிற எடைதான் ஊர் முழுவதற்கும் கணக்கு; அது குறைந்தால்தான் இழப்பீடு. அந்த வேலைக்கு நீ எங்கள் ஊருக்கு வந்த முதல் வருடம் மழை ஏமாற்றிவிட்டது. எல்லார் பயிரும் கருகிக் கிடக்க, குலுக்கலோ கண்மாயை ஒட்டிய பச்சை வயல்களில் போய் விழுந்தது. ஒரே பெஞ்சில் படித்த உரிமையில், "கயித்தக் கொஞ்சம் தள்ளிப் போடுடி" என்று கெஞ்சினேன்.

"நாமளே எடம் பாத்து அறுத்தா அது கணக்காடி? நம்ம ஆசை" என்றாய்.

"ஒங் கை வெளங்காமப் போக!" என்று, அறுத்து முடித்து அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்த உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ அரிவாளைப் பையில் வைத்துக்கொண்டு தேவிபட்டினம் பஸ்ஸுக்கு நடந்தாய். ஊருக்கு இழப்பீடு வரவில்லை.

அடுத்த வருடம் பாதி ஊருக்கு நல்ல விளைச்சல். குலுக்கல் கருகிய பக்கமாகவே விழுந்தது. இழப்பீடு எல்லாருக்கும் வந்தது, மூட்டை மூட்டையாக அறுத்த எனக்கும்.

"இந்த வருசம் தள்ளிப் போடச் சொல்லி ஒருத்தரையும் காணோமேடி" என்று சிரித்தாய். நான் மாட்டை விரட்டுவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை.

இந்த வருடமும் ஊர் கருகிவிட்டது. போர்வெல் தண்ணீரில் தப்பியது என் வயல் ஒன்றுதான். குலுக்கல் அங்கேயே வந்து விழுந்தது. மற்ற மூன்று இடமும் பதர் என்றாலும், என் எடை ஒன்றே சராசரியைத் தூக்கிவிடும்.

"கருகுன வயல்ல கட்டச் சொல்லுத்தா. நீ சொன்னாக் கேப்பாரு" என்று பக்கத்து வயல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அறுக்க வந்த அலுவலரும் என் முகத்தைப் பார்த்தார்.

நாலு துண்டு நிலம் ஒரு ஊரின் கஷ்டத்தைச் சொல்லிவிடுமா? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லையடி. ஆனால் லாபம் வந்தபோது வாயை மூடிக்கொண்டு வாங்கியவள் நான்.

"விழுந்த எடத்துலயே அறுங்க தம்பி" என்றேன்.

அவள் என் கையை உதறினாள். "ஒங் கை வெளங்காமப் போக!"

அன்றைக்கு அரிவாளைத் துடைக்கையில் உன் கை நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் கத்தினேன்.