ரேஷ்மா பெயருக்கு எதிரே பூஜ்யம்

7 ஜூலை 2025, திங்கள்

பெயர் எடுக்கும் மென்பொருளைப் பதினொன்றாம் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றி முடித்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதுதான். நாற்பத்திரண்டு பெயர்களையும் தமிழில் ஏற்றினேன். பொத்தானை அழுத்தினால் திரையில் சக்கரம் சுற்றி ஒரு பெயரில் நிற்கும். அந்தப் பிள்ளை எழுந்து பதில் சொல்ல வேண்டும். பெயருக்கு எதிரே ஓர் எண் போடலாம், எண் கூடினால் அந்தப் பெயர் அடிக்கடி வரும். எல்லோருக்கும் ஒன்று போட்டிருக்கிறேன். பூஜ்யம் போட்டால் அந்தப் பெயர் வரவே வராது, லீவு போட்டவர்களுக்காக.

முதல் பெஞ்சு ஷெர்வின் சக்கரம் சுற்றும்போது டிரம் சத்தம் வேண்டும் என்றான். அதையும் சேர்த்தேன். "குப்புராஜ் சார் கிளாஸ்தான் கெத்து" என்கிறார்களாம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

10 ஜூலை

ரேஷ்மாவின் பெயர் வந்தது. பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். நிலைமம் என்றால் என்னவென்று பிசிறில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு உட்காரவில்லை.

"சார், டிரைவர் பிரேக் போட்டா முன்னாடி சாயுறோம், அது புரியுது. பஸ் நின்னதும் பின்னாடி தள்ளுதே, அது ஏன் சார்?"

எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருடம் ஒன்பதுக்கும் பத்துக்கும் அறிவியல் எடுத்தவன். இயற்பியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போனதும், ஜூனில் என்னை மேல் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். முந்தின நாள் படித்து மறுநாள் ஒப்பிக்கிறேன். இது யாருக்கும் தெரியாது.

"சிலபஸ்ல இருக்கிறத முதல்ல படிம்மா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

14 ஜூலை

மறுபடியும் அவள். மறுபடியும் ஒரு "ஏன் சார்". போன் வந்ததுபோல் வெளியே போய் வராந்தாவில் நின்றேன். மணி அடிக்கும்வரை நின்றேன். நாற்பத்தாறு வயசு எனக்கு.

15 ஜூலை

ரேஷ்மாவுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்கும் வாய்ப்பு வரட்டுமே.

யாருக்கு இந்தக் கதை? என் நோட்டிலேயே பொய் எழுதுகிறேன்.

18 ஜூலை

இந்த வாரம் பாடம் நன்றாகப் போனது. எழுதவே கூசுகிறது.

25 ஜூலை

சக்கரம் சுற்றும்போதெல்லாம் அவள் புத்தகத்தை மூடி வைத்து நிமிர்ந்து உட்காருகிறாள். வேறு பெயர் நின்றதும் புத்தகத்தைத் திறந்துகொள்கிறாள். பத்து நாளாக இதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று வகுப்பு முடிந்ததும் மேஜையருகே வந்தாள். "சார், லிஸ்ட்ல என் பேர் இருக்கா சார்?"

"இருக்கே. எல்லாம் அதுவா எடுக்கிறதும்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

"சரி சார். எனக்கு லக்கு இல்ல போல" என்று சிரித்தாள்.

நம்ம கையில என்ன இருக்காம்! எப்படிடா வாய் வந்தது உனக்கு?

1 ஆகஸ்ட், வெள்ளி

எப்படி எழுதுவது.

ஏஞ்சல் வரவில்லை. அவளுக்குப் பூஜ்யம் போடப் பட்டியலைத் திறந்தேன். புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்ததை மறந்தேன். சுவர் அகலத்துக்கு நாற்பத்திரண்டு பெயர்கள்.

ஷெர்வின் உதவி செய்வதாக நினைத்துச் சொன்னான்: "சார், ரேஷ்மா வந்திருக்கா சார். அவளுக்கும் பூஜ்யம் போட்டிருக்கீங்க."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னை. "ஏதோ தப்பா பதிஞ்சிருக்கு" என்று ஒன்று போட்டேன். அவசரத்தில் பதினொன்று விழுந்தது. அழித்து மறுபடி போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

4 ஆகஸ்ட்

காமர்ஸ் குரூப்புக்கு மாறக் கடிதம் கொண்டுவந்தாள். வகுப்பாசிரியர் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும்.

"ஏம்மா?"

"பிசிக்ஸ் எனக்கு வராது சார்." பேனாவை நீட்டிக்கொண்டே, "தப்பா சொல்லிடுவேன்னுதானே சார் பூஜ்யம் போட்டீங்க?"

இல்லை. நேர் எதிர். வாய்வரை வந்தது. ஸ்டாஃப் ரூமில் நான்கு பேர் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

என்ன மனுஷன்யா நான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பெரும்பாக்கம் போனேன். என் வீடு இருக்கும் பீர்க்கன்கரணையிலிருந்து வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றே தோன்றியது. பிளாக் எண் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். ரேஷ்மாவின் அம்மா எல்லம்மா, ஐடி கம்பெனியில் துப்புரவு வேலை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னேன் – அவள் கேட்டதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது, அதனால்தான் பூஜ்யம் போட்டேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்று.

எல்லம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "ரெண்டு நாளா சோறு துன்னல சார் இது. தனக்கு மண்டைல ஒண்ணுமே இல்லன்னு சொல்லிகினு கீது. தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார்.



ரேஷ்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "திரும்ப வந்துடும்மா. ஹெச்.எம்.கிட்ட நானே பேசுறேன்" என்றேன்.

"வேணாம் சார். அங்கயே இருந்துக்கிறேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வாசல்வரை வந்து, "பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம் சார்" என்று கை காட்டினாள்.

11 ஆகஸ்ட்

வகுப்பிலும் சொன்னேன். மூன்று வாக்கியம். ஷெர்வின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

9 செப்டம்பர்

மதியம் சாப்பிடும்போது வில்பிரட் பக்கத்தில் உட்கார்ந்தார். காமர்ஸ் பிள்ளைகளுக்குப் பொருளியல் எடுப்பவர்.

"ஜூலை கடைசியில வந்தாளோ ஆகஸ்ட்ல வந்தாளோ, ரேஷ்மான்னு ஒரு பொண்ணு. முதல்ல வாயே தொறக்கல சார். இப்ப கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறா. பூண்டு விளைஞ்சா விலை இறங்குது, பஸ் டிக்கெட் மட்டும் ஏன் இறங்கமாட்டேங்குதுன்னு. எனக்கு டக்குனு வரல. தெரியலம்மா, நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன்னுட்டேன்."

ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னார். அவ்வளவு சாதாரணமாக.

"முன்னாடி உங்க கிளாஸ்லதானே இருந்தா? நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, பூஜ்யம் போட்டதைச் சொன்னேன்.