எல்லாக் கோடும் உன் பொட்டுக்கு

என் வம்புக்கார அத்தாச்சி மங்கைக்கு,

முதலில் மானக்கேடான ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். உன் கருமாதியன்று, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போது, நான் உன் கொழுந்தன் ராஜாங்கத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டேன். அதுவும் ஒரு தடவை இல்லை.

கண்ணடிக்கவா செய்தேன்? ஒற்றைக் கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி, உன் கூடத்துப் பரண் எவ்வளவு சாய்ந்து ஓடுகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். அந்த மனுஷன் சரியாகப் பரணுக்குக் கீழே வந்து நின்றது என் குற்றமா? பித்தவெடிப்புக் காலும் நரைத்த வகிடுமாக ஒருத்தி துக்க வீட்டில் கட்டை விரலைக் காட்டிக் கண்ணடித்தால் அவர்தான் என்ன செய்வார், பாவம். தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து நான் இருக்கிற இடத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறார். நீ இருந்திருந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அன்றைக்கு வைத்திருந்த உன் படத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். முகத்தில் மூக்குத்தி எது, புள்ளி எது என்றே தெரியவில்லை. வருஷத் திதிக்காவது நல்ல படம் வேண்டும் என்று அங்கேயே முடிவானது. சொந்தத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பது நாங்கள் மட்டும்தானே. பெரம்பலூரில் என் வீட்டுக்காரர் படம் பிடிப்பார், நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாப்பிள்ளைகளைச் சிவப்பாக்குவேன். அதனால் நீயும் என் தலையில் விழுந்தாய். படத்துக்குப் பின்னணியாக உன் கூடமே ஆகுமா என்று அழுதுகொண்டே அளக்க ஆரம்பித்தவள்தான் அப்படி மாட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ராஜாங்கம் ஸ்டுடியோவுக்கு வந்தார். பெண்டாட்டியோடுதான்.

"பெரிய மார்பிள் பங்களா, தங்கக் கலர் சோபா, பின்னாடி மாடிப்படி. அண்ணி அதுல ராணியாட்டம் உக்காந்திருக்கணுங்க. மொகம் நல்லா பெருசா தெரியணும்."

"எங்க அத்தாச்சி எந்தக் காலத்துலங்க பங்களாவுல இருந்துச்சு?"

"இருந்துச்சா இல்லையான்னா படம் போடுறோம்? வரவங்க பாக்கணும்ல."

வரவங்க! உயிரோடு இருந்தவரைக்கும் வரவங்களுக்குக் காபி போட்டே கை ஓய்ந்தாய். செத்த பிறகும் அவர்களுக்காகச் சோபாவில் ஏறி உட்கார வேண்டுமா? எனக்கு வந்தது பார் ஆத்திரம். பங்களாவும் கிடையாது, மாடிப்படியும் கிடையாது, உன் கூடத்தையே வரைவேன், நீ உட்கார்ந்த இடத்திலேயே உன்னை உட்கார வைப்பேன் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

உன் இடம் எது என்று எனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற நிலைப்படி. அதில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கண் டிவியில், ஒரு கண் குழம்பில். உன் மகள் நிச்சயதார்த்தத்தன்று, "பேச்சு நடக்குது, பொம்பளைங்க உள்ள போங்க" என்று ராஜாங்கம் விரட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? "நான் உள்ளதான் இருக்கேன். நாக்காலிதான் கொஞ்சம் வெளிய வந்துடுச்சு" என்றாய். அன்றைக்குக் காபித் தட்டு எடுத்துப்போனவர்கள் எல்லாம் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பேச்சும் உன் காதைத் தாண்டித்தான் முடிந்தது.

வரைந்தேன். மவுஸைப் பிடித்துக்கொண்டு நேர்கோடு போடுவது சோப்புக்கட்டியால் கோலம் போடுகிற மாதிரி. ஒரு வாரம் கழித்து அறை என்று ஒன்று வந்தது. டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தரையில ஒரு எலுமிச்சம்பழத்த வச்சா உருண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போயிடும்போல இருக்கே."

"ஒங்க கண்ணுல கோளாறு."

"டிவி ஸ்டாண்டு பறக்குதே, அதுவும் என் கண்ணுலயா?"

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். பறக்கத்தான் செய்தது. ஓர் அறையை நேரே பார்த்தால், நம்மை விட்டு விலகி ஓடுகிற கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரவேண்டும். தரைக்கல் இடுக்கு, பரண் விளிம்பு, பெஞ்சு, எல்லாமே. நான் ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு இழுத்து நீட்டிப் பார்த்தேன். தரை டிவிக்குள் போய் முடிந்தது. பரண் மின்விசிறியில் மோதியது. பெஞ்சு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. பிறகுதான் புரிந்தது. தரை, நான் நின்று கூட்டியபோது பார்த்தது. பரண், ஸ்டூலில் ஏறிப் பாத்திரம் இறக்கியபோது பார்த்தது. பெஞ்சு, பாயில் படுத்துக்கொண்டு உன்னோடு ஊர்வம்பு பேசியபோது பார்த்தது. எல்லா ஞாபகத்தையும் ஒரே அறைக்குள் திணித்தால் அறை என்ன செய்யும்?

மறுநாளே அரியலூருக்கு, உன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் என் தலை இன்னும் நரைத்துவிட்டது. உன் நாற்காலி அதே நிலைப்படியில்தான் இருந்தது. அதன்மேல் பழைய பேப்பர் கட்டு. அதை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, வாசல் கதவண்டை நின்று ஒற்றைக் கண்ணை மூடினேன். வீட்டில் ராஜாங்கம் இல்லை, நல்லவேளை. கோடுகள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் நாற்காலிக்கு மேலே, வெறும் காற்று.

கால் வலித்தது. இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நான் இறங்க, அந்தப் புள்ளியும் இறங்கியது அத்தாச்சி. சரியாக உன் பொட்டு இருக்கிற உயரத்துக்கு வந்து நின்றது. நீயும் நானும் ஒரே உயரம், ஒரே மாதிரி நாற்காலி, அவ்வளவுதான் கணக்கு. நின்று பார்த்தால் நீ அந்த அறையில் ஒரு சாமான். எதிரில் உட்கார்ந்து பார்த்தால், மொத்த வீடும் உன் நெற்றிக்கு ஓடிவருகிறது.

துண்டு எங்கே, சாவி எங்கே, காபி எங்கே என்று அந்த வீட்டில் எல்லோரும் உன்னை நின்றுகொண்டேதான் பார்த்தார்கள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் யாராவது உண்டா? நான்கூட எத்தனை நாள் உட்கார்ந்தேன்?

அறையை அழித்துவிட்டு, அந்த ஒரு புள்ளியை வைத்து முதலிலிருந்து வரைந்தேன். உன் சேலையை நான் கட்டிக்கொண்டு உட்கார, என் வீட்டுக்காரர் படம் எடுத்தார். அதில், நிச்சயதார்த்த குரூப் போட்டோவிலிருந்து உன் முகத்தை வெட்டி ஒட்டினேன். கழுத்துக்குக் கீழே நான்தான். இடுப்பு கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

ராஜாங்கம் திரையைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அண்ணி எங்கங்க?"

"அதோ, நெலப்படியில."

"இம்மாத்தூண்டு இருக்காங்க! அவங்களவிட டிவி பெருசா இருக்கு. செத்தவங்களுக்கு ஒரு மரியாத வேணாமா?"

"டிவி பக்கத்துல இருக்கு, அத்தாச்சி தூரத்துல இருக்கு. அதாங்க."

"அப்ப பக்கத்துல கொண்டாங்க."

"உசுரோட இருந்தப்ப ஒங்களால ஒரு அடி நகத்த முடிஞ்சுதா?"

அவர் பெண்டாட்டி தும்மல் வந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிவப்புக் கோடுகளை மறுபடி இழுத்துக் காட்டினேன். "நல்லா பாருங்க. எந்தக் கோடாச்சும் டிவிக்குப் போவுதா? தரை, பரண், பெஞ்சு எல்லாம் எங்க போவுது?"

"இந்தக் கோடெல்லாம் பிரிண்டுல வராதுல்ல" என்றார்.

"படம் இதுதாங்க. பங்களா வேணும்னா வேற ஸ்டுடியோ பாத்துக்குங்க" என்று நான் எழுந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டு மிரட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா, "ஒனக்குத் திமிரு" என்றார். ஆமாம் என்றேன்.

திதியன்று என் படத்தைத்தான் மாட்டினார்கள். ராஜாங்கம் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "இப்ப சரியா இருக்குங்க. அன்னிக்கு ஏன் சின்னதா தெரிஞ்சுதுன்னுதான் தெரியல" என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு பந்தியில் இன்னொரு வடை கேட்டு வாங்கினேன்.

இங்கே வேறு செய்தி கேட்டால், உன் ஊரை ஒரு தடவை தனி மாவட்டமாக்கி, திரும்ப எங்களோடு சேர்த்தார்களே, இப்போது மறுபடியும் பிரிக்கிறார்கள். உன் வீட்டிலும் இடிக்கப்போகிறார்களாம். கூடத்தையும் அடுப்படியையும் ஒன்றாக்கி, நிலைப்படியையே எடுத்துவிடப் போகிறார்களாம்.

எடுக்கட்டும். உன் நிலைப்படி என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எத்தனை வீடு மாறினாலும் அத்தனை தடவையும் பிரிண்டு போட்டுக்கொண்டுபோய் மாட்டுவேன். யார் சொன்னாலும் உன் நாற்காலியை நகர்த்தமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் இடுப்புக்குச் சொந்தக்காரியான மாமன் மகள்,
சுலோச்சனா

பி.கு.: திதிப் படத்தைப் பிரிண்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், யாருக்கும் சொல்லாமல் உன்னை மட்டும் மூலையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கினேன். கோடெல்லாம் இப்போது உன் பொட்டில் இல்லை, மூக்குத்தியில் போய் முடிகிறது.