உன் அம்மாவோடு ஒரே கணக்கு வகுப்பில்

மேல் மிச்சிகன்
ஜனவரி 17

அன்பு மகள் ட்ரீனாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரூபெனும் அந்த அரிசோனா வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உடம்பைத் தவிர மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கூரை மேல் இரண்டடிப் பனி நின்றது, நேற்று ஏறித் தள்ளிவிட்டேன், உன் அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திட்டிக்கொண்டேதான் நின்றாள் என்றாலும் பிடித்தாள். எல்வி அத்தைக்கு இடுப்பு எலும்பு அறுவை நல்லபடியாக முடிந்து இப்போது கைத்தடியோடு தேவாலயம் வரைக்கும் போய் வருகிறாள், எல்லோரிடமும் அந்தத் தழும்பைக் காட்ட வேண்டும் என்கிறாள், தடுப்பதுதான் பெரும்பாடு. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதை நானே என் கையால் எழுதி உனக்கு அனுப்ப வேண்டும் என்பது உன் அம்மாவின் கட்டளை.

காகித ஆலையில் என் இயந்திரத்தை நிறுத்தி எங்களை வீட்டுக்கு அனுப்பியதும், வேறு வேலை கற்றுக்கொள்ள அரசாங்கமே படிப்புச் செலவைக் கொடுக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்க உரிமம் வேண்டும், உரிமத்துக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு முதல்படி அறிமுக இயற்கணிதம் என்று சமுதாயக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் பேனாவும் நோட்டும் தூக்கிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது உன் அம்மா சொன்னாள், “நானும் சேர்றேன் வெய்ன். தனியா விட்டா நீ ரெண்டாம் வாரமே நின்னுருவ.” எனக்குத் துணையாக வருகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பாவம் மார்லிஸ், இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தவள், எனக்காகக் கஷ்டப்படப் போகிறாள் என்று.

ஆசிரியை பெயர் ரூலோ, உன்னைவிடச் சின்னவள்தான், சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு பாடம் நடத்துவாள். முதல் இரண்டு வாரம் வெறும் பின்னமும் கழித்தல் எண்ணும், அதில் நான் தப்பித்துவிட்டேன். அப்புறம் எக்ஸ் வந்தது. எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் அதைக் கண்டுபிடிக்கத்தான் கணக்கு என்றார்கள், கண்டுபிடித்த பிறகு அடுத்த கணக்கில் அதே எக்ஸ் வேறு எண்ணாக இருக்கிறது. எனக்கு அது ஆள் மாறாட்டம் மாதிரி இருந்தது. உன் அம்மாவோ முதல் நாளே தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் புலம்பியபோது, “தராசு மாதிரிதான். இந்தத் தட்டுல எதை எடுக்கிறியோ அந்தத் தட்டுலயும் அதை எடு, அவ்வளவுதான்,” என்றாள். இவ்வளவு லேசாக அவள் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. முதல் தேர்வுத் தாள் வந்தது, எனக்கு அறுபத்தொன்று, அவளுக்குத் தொண்ணூற்று நான்கு. ரூலோ எல்லோர் முன்னாலும், “மார்லிஸ், ஏழாவது கணக்கை எப்படிப் போட்டீங்க, வந்து பலகையில காட்டுங்களேன்,” என்றாள். உன் அம்மா போனாள், ட்ரீனா. சமையலறையில் எழுந்து உப்பு எடுக்கப் போவது மாதிரி சாதாரணமாகப் போய், அடைப்புக்குறியைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக எழுதி, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டிய சத்தம் எனக்கே கேட்கவில்லை.

எனக்குப் பின்னால் கோர்டி மாக்கி உட்காருவான். மரலாரி ஓட்டி முதுகு போனவன், மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறவன். தேர்வு முடிந்ததும் என் தோளில் தட்டி, “என்னப்பா வெய்ன், வீட்டுலயே வாத்தியாரம்மாவ வச்சுக்கிட்டு அறுபத்தொண்ணா?” என்றான். அடுத்த வகுப்பிலிருந்து நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தேகம் கேட்க ஆரம்பித்தான். அவளும் சொல்லிக்கொடுத்தாள். இடையிடையே இரண்டு பேரும் சிரித்தார்கள். உன் அம்மா ஆட்களைச் சிரிக்க வைப்பாள் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட எனக்குத் தெரியாதது அந்த லாரிக்காரனுக்கு நான்கு வாரத்தில் தெரிந்துவிட்டது. காரில் ஏறியதும் கேட்டேன், அப்படி என்ன சொல்லிச் சிரிச்சீங்க என்று. “கழித்தல் குறியைப் பத்தித்தான்,” என்றாள். கழித்தல் குறியில் சிரிக்க என்ன இருக்கிறது? இருபது மைல் தூரமும் அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். எரிச்சல் கோர்டி மேல் மட்டும் இருந்திருந்தால் அது வழக்கமான ஆம்பிளைப் பொறாமை, எனக்கே புரிந்திருக்கும். ஆனால் அவன் வராத நாட்களிலும் எனக்கு எரிந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவள் நோட்டைத் திறந்து பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு தானாகப் புன்னகைப்பாள் பார், அது எரிந்தது. ஆலையில் ஒரு உருளை சுற்றும் சத்தத்தை வைத்தே எங்கே தேய்கிறது என்று நான் சொல்லிவிடுவேன், இருபத்தொன்பது வருடம் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். இப்போது என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, அவளைக் கேட்கிறார்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் நீ படிக்க வேண்டியது. நவம்பரில், மான் வேட்டைக் காலம் தொடங்கிய வாரம், அம்மா கடைக்குப் போயிருந்தபோது கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. கணக்கில் தடுமாறுகிற மாணவர்களுக்கு உதவி செய்யும் கூடம் ஒன்று அங்கே இருக்கிறது, அதை நடத்தும் திருமதி ஹோல்ம் பேசினாள். மார்லிஸ் இருக்காங்களா என்று கேட்டாள், வெளியே போயிருக்கிறாள், நான் அவள் கணவன் என்றேன். “நல்லதாப் போச்சு, நீங்களே சொல்லிருங்க. இங்க சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேணும். வாரத்துல மூணு நாள், சம்பளம் உண்டு. ரூலோகிட்டக் கேட்டேன், யோசிக்காம உங்க மனைவி பேரைத்தான் சொன்னா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொன்னாப் போதும்,” என்றாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அவளுக்கு அதுல இஷ்டமில்லைங்க, வீட்டு வேலையே தலைக்கு மேல கிடக்கு,” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அவள் காலையில் சுட்டு வைத்திருந்த ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு அறுத்து, நின்றபடியே தின்றேன். நன்றாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் வந்ததும் பைகளை வாங்கி உள்ளே வைத்தேன். யாராவது கூப்பிட்டாங்களா என்று கேட்டாள், எல்வி அத்தை வீட்டிலிருந்து அழைப்பு வர வேண்டியிருந்தது. இல்லை என்றேன்.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது ரூலோ வந்து அம்மாவின் கையைப் பிடித்து, “நீங்க வேண்டாம்னு சொன்னதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான் மார்லிஸ். வீட்டு வேலை அதிகம்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராமே, பரவாயில்லை, இன்னொரு தடவை பாக்கலாம்,” என்றாள். அம்மா ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கை மேலங்கியின் ஒரு பக்கத்தில் மட்டும் நுழைந்திருந்தது. “ஆமா, வேலை அதிகம்தான்,” என்று ரூலோவிடம் சொன்னாள். அந்தப் பெண்ணின் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். காரில் வரும்போது பனி கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. ரயில் பாதை தாண்டும் இடத்தில் சொன்னாள், “நம்ம வீட்டுக்கு ஃபோன் வரும். உனக்கு வரும், ஆலையில இருந்து வரும், பிள்ளைங்களுக்கு வரும், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வரும். எனக்கு என்ன தெரியும்னு பாத்து, என்னையே கேட்டு வந்தது இது ஒண்ணுதான் வெய்ன். அதையும் நீ எடுத்துப் பேசி வச்சிட்ட.” அழவில்லை. அதற்குப் பிறகு வீடு வரும் வரை நான் வண்டியை ஓட்டினேன் என்பதுதான் என் நினைவில் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் அவள் முன்வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். கோர்டி பக்கத்திலும் இல்லை, என் பக்கத்திலும் இல்லை. வீட்டில் சாப்பாடு வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சனிக்கிழமை சவுனா நீராவி அறையைச் சூடாக்கிவிட்டுக் கூப்பிட்டேன், நீ முதல்ல போ என்றாள், நான் வெளியே வந்த பிறகு அவள் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. திங்கட்கிழமை நான் தனியாகக் கல்லூரிக்குப் போனேன், வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பார், அதற்கும் ஒரு பொய். திருமதி ஹோல்மின் மேசை முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, அன்றைக்கு நான் சொன்னது என் மனைவி சொன்னதில்லை, அவளிடம் கேட்கவே இல்லை, எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் சொன்னேன் என்றேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு மிஸ்டர் கங்காஸ். ஜனவரியில இன்னொரு இடம் வருது. ஆனா இந்தத் தடவை அவங்களே விண்ணப்பம் எழுதணும், அவங்களே வந்து எங்க முன்னால ஒரு கணக்கைச் சொல்லிக்காட்டணும். உங்க வாயால ஒண்ணும் வேண்டாம்,” என்றாள். எனக்கு அது வேண்டியதுதான். படிவத்தை வாங்கி வந்து அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எங்கே போனேன், யாரிடம் என்ன சொன்னேன் என்று முழுதும் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். மூன்று நாள் அந்தப் படிவம் அங்கேயே கிடந்தது, அதைச் சுற்றித்தான் சாப்பிட்டோம். நான்காம் நாள் காணவில்லை. அடுப்பில் போட்டாளோ என்று சாம்பலைக்கூடக் கிளறிப் பார்த்தேன்.

போடவில்லை. அதை எனக்குச் சொன்னவன் யார் தெரியுமா, கோர்டி. “நேத்து உன் மனைவி அந்தக் கூடத்துல பலகை முன்னால நின்னு ஒரு கணக்கை விளக்கினா பாரு, கதவுப் பக்கமா நாங்க நாலு பேர் நின்னு பாத்தோம். எனக்கே புரிஞ்சிருச்சுன்னா பாத்துக்கோயேன்,” என்றான். அவன் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, மறுபடியும் அதே எரிச்சல், அதே இடத்தில். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத.

டிசம்பர் கடைசித் தேர்வில் அம்மாவுக்குத் தொண்ணூற்றேழு. மேலே போக எழுபது வேண்டும், எனக்கு அறுபத்தாறு வந்தது, அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் இரண்டாவது குறியை மாற்ற மறந்துவிடுகிறேன், ஒவ்வொரு தடவையும். அதனால் அவள் அடுத்த வகுப்புக்குப் போகிறாள், நான் அதே ரூலோவிடம் அதே புத்தகத்தோடு மறுபடியும். முடிவு வந்த அன்றைக்குத்தான் அவள் சொன்னாள், “ட்ரீனா ஜூன்ல வருவா. அப்பா ஏன் பழைய வகுப்புல இருக்காரு, நீங்க ரெண்டு பேரும் ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்கன்னு கேப்பா. என் வாயால அவகிட்ட உன்னை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். நீயே எழுதிரு.” அதுதான் இது.

போன செவ்வாய்க்கிழமை நான் அந்தக் கூடத்துக்குப் போனேன். வாசலில் பெயர் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அந்த ஜனவரி இடம் அம்மாவுக்குத்தான் கிடைத்திருந்தது, உள் மேசையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தாள் போல, பின்னம் வரவில்லை என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம், “அவசரமே இல்லடி கண்ணு, நான் எங்கயும் போகல, மறுபடியும் முதல்ல இருந்து பாப்போம்,” என்றாள். அந்தக் குரலை உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கேட்டிருக்கிறேன், எனக்கு என்று கேட்டதில்லை. அந்தப் பெண் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. என் முறை வந்ததும் அம்மா பட்டியலைப் பார்த்து, “வெய்ன் கங்காஸ், எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்க?” என்று கேட்டாள். என்னைப் போய் நீங்க என்றாள். நான் அடைப்புக்குறியைக் காட்டினேன். அவள் போட்டுக் காட்டவில்லை, என்னையே போட வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன் என்று கேட்டாள், எனக்கு வியர்த்துவிட்டது. நான்காவது கணக்கு சரியாக வந்தது. சரி என்று ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள். சாயங்காலம் வரை வெளியே காரில் காத்திருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் அவளாகவே அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள், நான் நடுவில் பேசாமல் கேட்டேன். பொறாமை போய்விட்டது என்று எழுதி முடித்தால் உனக்கும் நிம்மதியாக இருக்கும், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது என்று உட்கார்ந்தேன். போகவில்லை. ஆனால் இப்போது தொலைபேசி அடித்தால் நான் எடுப்பதில்லை.

நீ என் மகள், என் முகம்தான் உனக்கு, இந்தக் குணமும் வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ரூபெனுக்கு வெளியில் நல்ல பெயர் கிடைக்கும் நாளில் உனக்குள் ஏதாவது எரிந்தால், அதைச் செய்கையில் காட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது, நான் சிரிக்க மாட்டேன். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, கார்ச் சக்கரங்களைப் பார்த்துக்கொள், ஜூன் பயணத்துக்குச் சீட்டை இப்போதே வாங்கிவிடு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல், ஒருவர் உயர்வதை மற்றவர் பார்த்து மகிழ்ந்து வாழக் கடவுள் அருள் புரியட்டும். உறையை ஒட்டாமல் மேசையில் வைக்கிறேன், அம்மா படித்துவிட்டு ஒட்டட்டும்.

என்றும் உன் அன்பு அப்பா,
வெய்ன் கங்காஸ்

ட்ரீனா, படித்தேன். எல்லாம் நடந்தபடிதான் எழுதியிருக்கிறார், ஒரு இடம் தவிர. அறுபத்தாறு இல்லை, அறுபத்து நான்கு. உறையை நானே ஒட்டுகிறேன். — அம்மா