கோயில் அண்டாவில் என் கூழ்

11-8-1991, ஞாயிறு

நேற்று கூழ் கிண்டிய கை இன்னும் வலிக்கிறது.

வயிற்றுப் புண்ணுக்குக் காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். இவரோ நைட் ஷிப்ட் முடிந்து வரும்போதே பரோட்டாவைத் தின்றுவிட்டு வருகிறார். இன்றும் சொம்பை நீட்டினேன். சாமிக்குப் படைக்கும் முன்னால் நீட்டியது தப்புதான், அம்மன் பொறுத்துக்கொள்வாள். இவர் பொறுக்கவில்லை.

"இன்னாடி, வூட்ல அரிசியா இல்ல? தெனம் கூழக் காட்டிக்கினு!"

ஆடி கடைசி ஞாயிறு. அதே பானைக் கூழில் பாதியைக் கொண்டுபோய், கோயில் அண்டாவில் மற்ற வீட்டுக் கூழோடு ஊற்றினேன். மத்தியானம் பார்த்தால் இவர் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறார். முருங்கைக்கீரையைத் தொட்டுக்கொண்டு வாளி முழுவதையும் குடித்தார்.

"கோயில் கூழுன்னா அதுக்கு ருசியே தனி. நீயும் இந்த மாரி காச்சக் கத்துக்கோ" என்றார்.

இப்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்குகிறார். இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பானையில் நாளைக்கும் கூழ் இருக்கிறது. கோயில் அண்டாவைத்தான் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.