"போயிட்டாரு" என்றால் எங்கே?

ஜூன் 3, திங்கள்
என் பேத்தி அவசர எண் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். எங்கள் காலத்தில் தீக்கு ஒரு எண், போலீசுக்கு ஒரு எண், ஆம்புலன்சுக்கு ஒரு எண். மூன்றையும் சுவரில் எழுதி வைத்திருந்தோம். வெள்ளையடிக்க வந்தவர் மூன்றையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார். இப்போது ஊருக்கே ஒரே எண். கூப்பிட்டால் எடுக்கப்போவது என் பேத்தி. பால் வாங்கப் போன இடத்தில் கேட்டவருக்கும் சொன்னேன், கேட்காதவருக்கும் சொன்னேன்.

ஜூன் 11
சோதனை அழைப்பில் தோற்றுவிட்டாள். ஒரு அம்மா அழுதுகொண்டே, "எங்க வீட்டுக்காரர் போயிட்டாருங்க" என்று நடித்தாராம். இவள், "எங்கம்மா போனாரு? எப்ப வருவாரு?" என்று கேட்டிருக்கிறாள்.
வாயைப் பொத்திக்கொண்டேன். தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.
"சிரி பாட்டி, நல்லா சிரி. வெள்ளிக்கிழமை மறுபடி சோதனை. அதுலயும் தேறலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."
சிரிப்பு எங்கே போனதோ.

ஜூன் 12
அவள் பழகிக்கொள்ளட்டும் என்று நானே அழுதேன். அவள் அறையில் போனோடு, நான் சமையலறையில். "ஐயோ, என் ராசா போயிட்டாரே" — எனக்குள் இவ்வளவு நடிப்பா? என் வீட்டுக்காரர் முடிவெட்டத்தான் போயிருந்தார். ஆகவே பொய்யும் இல்லை.
கீழ்வீட்டுத் தையல்காரர் காதில் விழுந்துவிட்டது. நிஜமாகவே அவசர எண்ணைக் கூப்பிட்டு, "மேல்வீட்டுப் பெரியவர் போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டார். வாசலில் நாற்காலி போட்டாயிற்று, ஆம்புலன்சும் வந்தாயிற்று. இவர் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வந்து நின்றார்.
"யாருப்பா போயிட்டா?"
"நீங்கதாங்க."
"சரி, அப்ப நான் இந்த நாற்காலியில உட்காரலாமா?"
ஆம்புலன்ஸ்காரர்கூடச் சிரித்தார். பேத்தி சிரிக்கவில்லை. அவள் வீட்டாலேயே ஒரு வீண் அழைப்பு. வேலை நிலைக்குமா?

ஜூன் 13
மேலதிகாரி அம்மா அவளைக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன்.
"அழுதது நானுங்க. அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."
"உங்களை நான் வேலைக்கே வைக்கலையே, பாட்டி."
தையல்காரர் பேசிய பதிவைப் போட்டுக் காட்டினார். எடுத்தவர் பழைய ஆள்தான். வேறு எதுவும் கேட்காமல் வண்டியை அனுப்பியிருக்கிறார்.
"நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?"
"வண்டியை அனுப்பிட்டு, மூச்சு இருக்கான்னு பார்க்கச் சொல்லியிருப்பேன் மேடம். பயந்தவங்க ‘போயிட்டாரு’ம்பாங்க. போனாரா இல்லையான்னு நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."
அந்த அம்மா பதிவை நிறுத்தினார். பிறகு, "நாளைக்குச் சோதனைக்கு வா" என்றார்.

ஜூன் 14
தேறிவிட்டாள். தெருவில் எல்லாக் கடைக்கும் போனேன். எதுவும் வாங்கவில்லை.

ஜூலை 9
நேற்று ஒரு பெண் அலறினாளாம், அப்பா போயிட்டாரு என்று. பேத்தி வண்டியை அனுப்பிவிட்டு, "வயித்து மேல கை வெச்சுப் பாருங்கம்மா, ஏறி இறங்குதா?" என்று கேட்டிருக்கிறாள். லேசாக ஏறி இறங்கியது. வண்டி சேரும்வரை அவளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த மனிதர் இன்று ஆஸ்பத்திரியில் காபி சூடாக இல்லையென்று சண்டை போடுகிறாராம்.
இவள் குளிக்கப் போனபோது கழுத்தில் மாட்டும் அலுவலக அட்டையை எடுத்துப் பார்த்தேன். முன்பு பேருக்குக் கீழே ‘பயிற்சியில்’ என்று இருக்கும். முன்னும் பின்னும் திருப்பினேன், காணோம். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் தேடினேன். அப்போதும் இல்லை.