நீல வண்டி நிற்கும் இடம்

அக்டோபர் 11

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் வேட்டை உரிமத்தில் கையெழுத்துப் போடுவது, அவ்வளவுதான். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை வைத்து வன அலுவலகத்தில் பருவகால வேலை: மலைப்பாதைகள் தொடங்கும் இடங்களில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு வருவது. பொது நிலத்தில் ஒரு வண்டி பதினான்கு நாளுக்கு மேல் நின்றால் கண்ணாடியில் மஞ்சள் எச்சரிக்கைத் தாள் ஒட்ட வேண்டும். நாலு வருடம் உயிரியல் படித்தது பசை தடவ.

இன்று பாட்ஜர் ஓடைத் திருப்பத்தில் அப்பாவின் பழைய நீல பிக்கப் வண்டி நின்றது. வேட்டை தொடங்க இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 14

சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இப்போது டவுனில் அறை எடுத்துத் தங்கியிருப்பதே அப்பாவுக்கு வேடிக்கை.

"வாங்க ஆபீசரம்மா. என் வண்டியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி நிக்குது?"

பெருமை வேறு. இந்தப் பக்கத்தில் ஓர் எழுதாத மரியாதை உண்டு: சின்னத் திருப்பத்தில் ஒரு வண்டி நின்றால், காட்டுக்குள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள்; அடுத்தவன் வேறு ஓடையைத் தேடிப் போவான். அந்த மரியாதையைத்தான் அப்பா வருடா வருடம் ஏமாற்றுகிறார். காலி வண்டியை நிறுத்தி, டாஷ்போர்டில் காப்பிக் கோப்பை வைத்து, சக்கரத்தில் புதுச் சேறு அப்பிவிட்டு நடந்தே வந்துவிடுவார். ஏமாறுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். உள்ளூரில் எல்லாருக்கும் தெரியும். அப்பா பெயரைச் சேர்த்து அதற்கு 'ஆரினின் சோளக்கொல்லைப் பொம்மை' என்று பெயர்.

இடத்தைப் பற்றி இன்னொரு கூத்து. எந்த ஓடைக்குப் போகிறார் என்று அம்மாவிடம்கூட உண்மை சொல்ல மாட்டார். முப்பது வருடக் கல்யாணம். என்ன, அம்மா போய் எல்க் மானைச் சுட்டுவிடுவாளா?

அக்டோபர் 24

முதல் நாள் வேட்டை. மொன்டானா மாநிலம் முழுக்க ஆண்கள் இலைபோல உடுத்திக்கொண்டு, மான் என்று அடுத்தவன் சுட்டுவிடுவானோ என்று அதன்மேல் ஆரஞ்சுச் சட்டையும் போட்டுக்கொள்ளும் நாள்.

எங்கள் வீட்டைவிடப் பெரிய வண்டியில் வந்த ஒருவர், பின்னால் இழுத்து வந்த டிரெய்லரைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். நகர்த்தச் சொன்னேன்.

"இது எல்லாரோட நிலந்தானேம்மா? நானும் வரி கட்டறேன்."

எல்லாருடைய நிலம், அதனால்தான் எல்லாருக்கும் வழி வேண்டும். இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மனைவி கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றேன். வெட்கம் கெட்டவள்.

அக்டோபர் 27

நீல வண்டி இன்னும் பாட்ஜர் ஓடையிலேயே நிற்கிறது. கணக்குப்படி கெடு தாண்டிவிட்டது. நன்றாக நாலு பக்கமும் பசை தடவி ஒட்டினேன். ஒட்டும்போது சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கிளேட்டன் மாமா — அப்பாவின் நாற்பது வருட எதிரி, நண்பர் என்றும் சொல்வார்கள் — வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"பொம்மைக்கே நோட்டீஸா மாரிட்? உங்கப்பன் உன்னைக் கொன்னுடுவான்டி!"

"கொல்லட்டும் மாமா."

டாஷ்போர்டில் இந்த முறை காப்பிக் கோப்பை இல்லை. பார்த்தேன். கிழவர் சோம்பேறியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 28

காலையில் அம்மா போன் பண்ணினாள். "அப்பா இன்னும் வரலைடி. ஞாயித்துக்கிழமை போனவர், திங்கள் வரேன்னார். சிடார் ஓடைக்குத்தான் போறேன்னார். ஷெரிப் ஆளுங்க விடியறதுக்கு முன்னாடியே போய்த் தேடறாங்க, அங்க வண்டியே இல்லையாம்."

"எந்த வண்டி?"

"நீலந்தான். நல்ல வண்டி பட்டறையில கெடக்கு. அதனால பழசைப் போன வாரமே வீட்டுக்குக் கொண்டு வந்து, அதுலதான் போனார்."

 நின்றபடியே இருக்கிறது என்று நானாக நினைத்த வண்டி, வீட்டுக்குப் போய், அப்பாவோடு திரும்பி வந்து நின்றிருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமாகத்தான் நின்றிருக்கிறது. மரியாதையாக. நான் ஒட்டிவிட்டு வந்தேன்.

சிடார் எங்கே, பாட்ஜர் எங்கே! நடுவில் ஒரு மலை. வண்டி பாட்ஜரில் நிற்கிறது என்று ஷெரிப்புக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அக்டோபர் 28, மாலை

கிடைத்துவிட்டார். உயிரோடு.

அக்டோபர் 30

கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மானின் பின்தொடையைச் சுமந்துகொண்டு இறங்கும்போது பாறை சறுக்கிவிட்டது. மூன்று நாள் ஈர விறகை எரித்து, அந்தக் கறியையே சுட்டுத் தின்றிருக்கிறார். உதவி கேட்டு மும்மூன்று வேட்டாகச் சுட்டாராம். வேட்டை வாரத்தில் யார் எண்ணுவார்கள்? தேடப் போய் அப்பாவைத் தூக்கி வந்த கிளேட்டன் மாமாவுக்கு அந்த வேட்டுச் சத்தம் முன்னமே கேட்டிருக்கிறது. "'குறி தப்பிக்கிட்டே இருக்கு எவனுக்கோ'ன்னு சிரிச்சேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு சொன்னார். நோட்டீஸ் ஒட்டியது நான்தான் என்று அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் வண்டியைத் தாண்டும்போது அப்பா கேட்ட முதல் கேள்வி, "எவன்டா என் கண்ணாடியில ஒட்டினது?"  தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

நவம்பர் 8

கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு அப்பா உத்தரவு போடுகிறார்.

"சீசன் முடிய மூணு வாரம் கெடக்கு. நீலத்தைக் கொண்டுபோய் பாட்ஜர்ல நிறுத்திட்டு வா. இல்லேன்னா கிளேட்டன் பூந்துடுவான்."

"உங்களைத் தூக்கிட்டு வந்ததே அவர்தான்."

"அதான் சொல்றேன். இடத்தைப் பாத்துட்டானே!"

அம்மா அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். நான் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். கொண்டுபோகப் போகிறேன் என்று நினைத்து அவர் முகம் மலர்ந்தது.  இந்த மனிதரிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை.

"வண்டி போகாதுப்பா. அந்த நோட்டீஸை ஒட்டினது நான்தான்."

"தெரியும். உன் கையெழுத்து தெரியாதா எனக்கு?"

 கதவுவரை வந்தவள் திரும்பினேன்.

"ஊருக்கெல்லாம் பொய் சொல்லுங்க. அம்மாகிட்டகூடச் சொல்லுங்க, அவளுக்குப் பழகிடுச்சு. என்கிட்ட மட்டும் எந்த ஓடைன்னு நெசத்தைச் சொல்லிட்டுப் போங்கப்பா."