பொட்டலத்தில் போன மண்

மார்ச் 4

கோபம் தணியாத என் வீட்டுக்காரிக்கு,

இங்கே செங்கல் சூளை நலம். நான் இளைத்துவிட்டதாக மேஸ்திரி சொல்கிறார். என் பெல்ட் அப்படிச் சொல்லவில்லை. மச்சான் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

நீ போனதிலிருந்து மண்ணைக் கடித்துப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. நானே ஒரு சிட்டிகை மென்றேன். மண் மாதிரிதான் இருந்தது. மேஸ்திரியைக் கேட்டால், "அதெல்லாம் அண்ணியோட வேலை அண்ணே" என்று நழுவிவிட்டார். புதுக் குழி மண்ணை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். மென்று பார்த்து எழுது. நேரில் வந்து சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சௌக்கியம். மண்ணை மென்றேன். நறநறப்பே இல்லை, பல்லில் அப்புகிறது. மணல் போதாது; சூளையில் வைக்குமுன், பச்சைக்கல் காயும்போதே வெடிக்கும். நாலு கூடைக்கு ஒரு கூடை மணல் போட்டு மிதிக்கச் சொல்லுங்கள். இதற்கு நான் வரத் தேவையில்லை.

கல் வாங்க வந்தவர்கள் முன்னால், "இவளுக்குச் சாப்பாட்டுச் செலவே கிடையாது, குழியில் விட்டால் மேய்ந்துகொள்வாள்" என்றீர்கள். அவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. என் மூக்கைக் கேலி செய்யுங்கள், பொறுத்துக்கொள்வேன். என் வேலையைக் கேலி செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
அண்ணன் வீட்டிலிருந்து நான்

மார்ச் 15

அன்புள்ளவளுக்கு,

மணல் சேர்த்தோம். ஒரு கல்கூட வெடிக்கவில்லை. அதே ஆட்கள் மறுபடி வந்தார்கள். "அன்றைக்கு நான் பேசியது தப்பு. சூளை ஓடுவதே அவள் நாக்கால்தான்" என்றேன். "அது ஊருக்கே தெரியுமே" என்கிறார்கள்! எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆனால் புதுத் தலைவலி. மண்ணில் சுண்ணாம்புக்கல் தென்படுகிறது. வெந்த கல்லில் ஈரம் பட்டால் பொரிந்து உதிருமே! இத்துடன் அனுப்பியிருக்கும் பொட்டலத்தைப் பார். இதைத் தபாலில் தீர்க்க முடியாது என்று மேஸ்திரியும் சொல்கிறார். (நான் சொன்னேன், அவர் தலையாட்டினார்.)

இப்படிக்கு,
பயத்தில் தூக்கமில்லாத உன் வீட்டுக்காரன்

மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

பொட்டலத்தைப் பிரித்தேன். மென்று பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் உருண்டை உருண்டையாக இருக்கும். இது பட்டை பட்டையாக இருக்கிறது, அதுவும் ஒரு பக்கம் நீலப் பெயிண்டோடு. நம் சமையலறைச் சுவருக்கு நான் பார்த்துப் பார்த்து வாங்கிய நீலம். அண்ணனிடம் காட்டினேன்; சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் மிச்சச் சுவரையும் சுரண்டிவிடாதீர்கள். கல் வாங்க யாராவது வருவதாக இருந்தால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். அவர்கள் எதிரிலேயே மண்ணை மென்று சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி